மீதி ஒன்று: கணக்கு இயந்திரங்களைப் பல தலைமுறை திணறடித்த சின்ன விஷயம்

கேள்வி இதுதான்: பாஸ்கல் 1642-லேயே கூட்டும் இயந்திரத்தில் இறங்கிவிட்டார் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் அலுவலகங்களில் அது சாதாரணமாகப் புழங்க 1800-களின் பின்பாதி வரை ஏன் ஆனது? வெறும் கூட்டல் அவ்வளவு கடினமா? மின்சாரம் வந்தபிறகு அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

நல்ல உலோக வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, விலை அதிகம், அன்றைக்குத் தேவையே குறைவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இயந்திரத்தைத் திறந்து உள்ளே பார்த்தால் எல்லாருடைய தலைவலியும் ஒரே இடத்தில் இருப்பது தெரியும். "ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்து போடு, மீதி ஒன்று" என்று இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த மீதி ஒன்றுதான். பாடப்புத்தகம் அதை இனமாற்றம் என்கிறது. நான் பல வருடமாகக் கல்லூரியில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் லேப் எடுக்கிறேன், கணக்கு இயந்திரங்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பிரச்சினையைச் சரியாகப் பார்த்துவிடலாம். பழைய ஸ்கூட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 09999 வந்ததும் எல்லாச் சக்கரமும் சேர்ந்து மெதுவாக உருண்டு 10000 ஆகும், சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே வண்டியில் தொற்றிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அங்கே மீதி சுலபமாகப் போய்ச் சேருகிறது, ஏனென்றால் எண் உள்ளே நுழைவது கடைசிச் சக்கரத்தில் மட்டும், அதுவும் மெதுவாக, எஞ்சினின் பலத்தோடு. கணக்கு இயந்திரத்தில் அப்படி இல்லை. 4,728-உடன் 3,596 கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதன் பங்கு எண் தனியாக வரும், வலது பக்கத்திலிருந்து மீதியும் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் ஒன்று தொலைந்துபோகும். அப்புறம் 99999-உடன் 1 கூட்டும்போது ஒரு விரல் தள்ளும் பலத்தில் ஆறு சக்கரங்கள் நகர வேண்டும்.

பாஸ்கலுக்கு முன்பே இதில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். ஜெர்மனியின் டியூபிங்கனில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஷிக்கார்ட். 1623-லும் 1624-லும் வானியலாளர் கெப்லருக்கு எழுதிய கடிதங்களில் ஆறு இலக்க இயந்திரம் ஒன்றை வரைந்து விளக்கினார். கெப்லருக்காகச் செய்துகொண்டிருந்த இயந்திரம் பாதி வேலையில் தீப்பிடித்து எரிந்துபோனது. 1635-ல் அவரும் பிளேக்கில் இறந்துபோனார். 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தபிறகுதான் 'முதல் இயந்திரம் பாஸ்கலுடையது' என்ற பேச்சு மாறியது. அவர் மீதியைக் கடத்திய வழி எளிமையானது: ஒரு சக்கரம் முழுச் சுற்று முடிக்கும்போது அதில் இருக்கும் ஒற்றைப் பல் இடையில் உள்ள சக்கரத்தைத் தட்டும், அது அடுத்த இலக்கத்தை ஒரு படி நகர்த்தும். ஒரு இடம், இரண்டு இடம் என்றால் சரி. 999999-ல் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்போது உராய்வு எல்லாம் கூடிக்கொண்டே போய் முதல் சக்கரத்தைத் திருப்பும் விரலில் வந்து உட்காரும். ஒவ்வொரு பல்லிலும் இருக்கும் மயிரிழை இடைவெளிகள் சேர்ந்து கடைசிச் சக்கரம் சரியாகப் போய் நிற்காது. இலக்கம் கூடக் கூடச் சிக்கலும் கூடும்.

பாஸ்கலின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய அப்பா ரூவான் நகரில் வரிக் கணக்கு பார்த்தவர். பிரான்சில் அன்றைக்கு 12 டெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ர். 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் நம் ஊரில் 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று கணக்கெழுதியவர்களுக்கு இந்த வலி தெரிந்திருக்கும், ஒரு வரிசையில் 12-க்கு மீதி, அடுத்ததில் 16-க்கு மீதி, அதற்கப்புறம் பத்துக்கு. அப்பாவின் வேலையைக் குறைக்க 19 வயதுக்காரர் இறங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1645-ல் வெளியே காட்டினார்.

அவர் செய்தது என்னவென்றால், மீதிக்கான பலத்தை விரலிடமிருந்து வாங்கும் நேரத்தை மாற்றிவிட்டார். சக்கரத்தில் எண் ஏற ஏற ஒரு சின்ன எடைக்கட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கப்படும். 9 தாண்டி 0 வரும் கணத்தில் பிடி விட்டு அது கீழே விழும், விழும் வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளிவிடும். அதாவது மீதிக்கு வேண்டிய பலம் முன்கூட்டியே தவணை முறையில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. 99999 ஆக இருந்தாலும் விரல் ஒரு எடையைத்தான் தட்டிவிடுகிறது, மற்றவை ஒவ்வொன்றும் தன் சேமிப்பைக் கொண்டே அடுத்ததைத் தள்ளும். எடை விழுந்து வேலை செய்வது என்பதால் இயந்திரத்தை மேஜைமேல் நேராக வைத்தால்தான் ஆகும். இன்றைக்குப் படித்தாலும் எனக்கு இது மெய்சிலிர்க்க வைக்கிற யோசனை.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. எடை ஒரு பக்கமாகத்தான் ஏறும், விழும். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. ஷிக்கார்டின் இயந்திரத்தில் கழித்தல் என்றால் திருப்பிச் சுற்றினால் போதும், பாஸ்கலிடம் அது போய்விட்டது. கூட்ட மட்டுமே தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிக் கழிப்பது? 752-லிருந்து 248 போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 752-இன் ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழித்தால் 247. அதோடு 248 கூட்டினால் 495. மறுபடி ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழியுங்கள், 504. இப்படி 9-லிருந்து கழித்து வரும் எண்ணுக்கு நிரப்பி என்று பெயர். விடை வந்துவிட்டது, நடுவில் நடந்தது கூட்டல் மட்டும். 9-லிருந்து கழிப்பதற்கு மீதியும் கிடையாது, கடன் வாங்குவதும் கிடையாது, ஆகவே அதற்கு இயந்திரமே வேண்டாம்: ஒவ்வொரு உருளையிலும் எண்ணையும் அதன் நிரப்பியையும் இரண்டு வரிசையாக எழுதிவிட்டு, மேலே ஒரு பட்டையை நகர்த்தி எந்த வரிசை தெரிய வேண்டுமோ அதைக் காட்டிக்கொள்ளலாம். பாஸ்கல் அதைத்தான் செய்தார். இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை வரும்.

ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸ் அடுத்தது. 1673-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் மர மாதிரி ஒன்றைக் காட்டினார். அவர் கொண்டுவந்த படிப்படியான பற்கள் கொண்ட உருளை, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டும், அதாவது பெருக்கும். அதன்பின் சுமார் 200 வருடம் அந்த உருளைதான் எல்லாரையும் காப்பாற்றியது. மீதியில் மட்டும் அவரும் தோற்றார். ஹானோவரில் இன்றும் இருக்கும் அவருடைய இயந்திரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஐங்கோண வட்டு உண்டு. மீதி தொடர்ச்சியாகப் போக வேண்டிய இடத்தில் இயந்திரம் அதை முடிக்காமல் விட்டுவிட்டால், அந்த வட்டின் முனை மேலே எட்டிப்பார்க்கும், இயக்குபவர் அதைக் கையால் தள்ளிவிட வேண்டும். இயந்திரம் செய்யாத இனமாற்றத்தை மனிதர் பார்த்துப் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது என்றால் எந்த அலுவலகம் வாங்கும்?

பாரிஸில் காப்பீட்டுத் தொழில் நடத்திய தோமா த கோல்மார் 1820-ல் அரித்மாமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அது நம்பகமான சரக்காக விற்பனைக்கு வந்தது 1850-களில்தான். லைப்னிட்ஸின் உருளை, ஒழுங்காக வேலை செய்யும் மீதி, இவ்வளவுதான். கேள்வியின் முதல் பாதிக்கு நேரடியான பதில் இது: யோசனை 1640-களில் இருந்தது, மீதியைத் தப்பில்லாமல், வருடக்கணக்காக, தட்டிக் கொட்டாமல் கடத்தும் உலோக வேலை கைகூட அத்தனை காலம் பிடித்தது.

இப்போது இங்கிலாந்துக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ். இந்த விஷயத்தை அவரைப்போல ஆழமாக யோசித்தவர் வேறு யாரும் இல்லை. கணித அட்டவணைகளை வெறும் கூட்டலாலேயே தயாரிக்கும் அவருடைய வித்தியாசப் பொறிக்குப் பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்தது, 1833-ல் வேலை நின்றது, 1842-ல் கைவிட்டார்கள். அவர் 1847-49-ல் வரைந்த இரண்டாம் வித்தியாசப் பொறியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அப்படியே கட்டி, கணக்கிடும் பகுதியை 1991-ல் முடித்தது. 19-ஆம் நூற்றாண்டுப் பட்டறையால் எட்ட முடிந்த துல்லியத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டே செய்தார்கள், அது சரியாகக் கணக்குப் போட்டது. 31 இலக்கம். அதன் பின்பக்கத்தைப் படமெடுத்த காணொளி கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது வெண்கலக் கரங்கள் சுருள்படி மாதிரி கீழிருந்து மேலாக அலையடித்துக்கொண்டு ஏறும். அதுதான் மீதி.

வேலை செய்யும் விதம் இப்படி. கூட்டல் நடக்கும்போது மீதியை யாரும் தொடுவதில்லை. 9-லிருந்து 0-க்குத் தாண்டிய சக்கரம் பக்கத்தில் இருக்கும் நெம்புகோல் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, 'எனக்கு ஒரு மீதி பாக்கி' என்று குறிப்பெழுதி வைத்த மாதிரி நிற்கும். கூட்டல் எல்லாம் முடிந்தபிறகு அந்தச் சுருள்கரங்கள் கீழே உள்ள ஒன்றாம் இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து, தள்ளியிருக்கும் நெம்புகோலைக் கண்டால் அடுத்த சக்கரத்தை ஒரு படி நகர்த்தும். அப்படி நகர்ந்த சக்கரம் 9-ல் இருந்து 0-க்குப் போனால் அதுவும் தன் நெம்புகோலைத் தள்ளும், சுருளின் அடுத்த கரம் வந்து சேர்வதற்குள். கூட்டலும் மீதியும் மோதவே முடியாது. பலம் மொத்தமும் கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக வருகிறது.

இதோடு அவருக்குத் திருப்தி வரவில்லை. 1834-லிருந்து யோசித்துக்கொண்டிருந்த, கொடுக்கும் கட்டளைப்படி எந்தக் கணக்கையும் போடக்கூடிய பகுப்பாய்வுப் பொறியில் 40, 50 இலக்க எண்கள், ஒரு பெருக்கலுக்கு ஏராளமான கூட்டல்கள். ஒவ்வொரு கூட்டலுக்கும் கரம் கீழிருந்து மேல்வரை நடந்து போனால் கூட்டலைவிட மீதிக்கே அதிக நேரம் போகும். ஆகவே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி: மீதி எங்கெல்லாம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். ஒரு இடத்தில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அது மீதியை உண்டாக்கும். சரியாக 9 இருந்தால் அது உண்டாக்காது, ஆனால் தனக்கு வந்ததை அப்படியே அடுத்ததற்குக் கடத்தும். 8 அல்லது அதற்குக் குறைவென்றால் மீதி அங்கேயே நின்றுவிடும். எனவே 9-ல் நிற்கும் சக்கரங்களுக்கு அருகில் சின்ன உலோகத் துண்டுகள் வரிசையாகச் சேர்ந்து ஒரே கம்பிபோல ஆகும்படி செய்துவிட்டால், கீழே ஒரு தள்ளு தள்ளினால் அந்த வரிசை முழுக்க ஒரே வீச்சில் நகரும். 40 இடமானாலும் ஒரு இடமானாலும் ஒரே நேரம்தான். தன் வாழ்நாளில் மற்ற எந்தப் பாகத்தையும்விட இதற்காகவே அதிகமாகத் தலையை உடைத்துக்கொண்டவர் பாபேஜ். 1864-ல் எழுதிய தன்வரலாற்றில் இயந்திரத்துக்கு முன்னறியக் கற்றுக்கொடுத்ததாகவே இதைச் சொல்கிறார். முழுப் பொறியைக் கட்ட அவருக்கு வாய்க்கவே இல்லை, 1871-ல் இறந்துபோனார்.

பாபேஜின் பெயரோடு எல்லாரும் துளை அட்டை, நிரல் என்றுதான் பேசுகிறார்கள். இந்த மீதிப் பொறியமைப்பு அவற்றுக்குச் சமமான சாதனை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த வேகமான கட்டம் சிகாகோவில். 22 வயது டார் ஃபெல்ட் 1884-ன் கடைசியில் ஒரு மக்ரோனி மரப்பெட்டிக்குள் இறைச்சி குத்தும் குச்சிகள், ரப்பர் பேண்டு எல்லாம் வைத்து ஒரு மாதிரி செய்தார். அதுதான் பின்னால் காம்ப்டாமீட்டர் ஆனது. விசையை அழுத்தினாலே கூட்டல் முடிந்துவிடும், கைப்பிடி கிடையாது. அவருடைய இயந்திரத்திலும் மீதிக்கான பலம் சக்கரம் நகர நகர ஒரு ஸ்பிரிங்கில் சேர்ந்து, 9 தாண்டும்போது விடுபடும், பாஸ்கலின் எடைக்கட்டையேதான், எடைக்குப் பதில் ஸ்பிரிங்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஓட்னர் செய்த இயந்திரத்தின் வழிவந்த கைச்சுற்று இயந்திரங்கள் நம் நாட்டுக்கும் வந்தன, பழைய புள்ளியியல் மாணவர்களுக்கு 'ஃபேசிட்' என்றால் தெரியும். அதில் வகுக்கும்போது வகுஎண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போவார்கள், ஒரு தடவை அதிகமாகக் கழித்துவிட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய் 9999 என்று இடது ஓரம் வரை புரளும், அந்த ஓரத்தைத் தாண்டும்போது மணி அடிக்கும். மணி கேட்டதும் ஒரு சுற்று எதிர்ப்பக்கம் சுற்றித் திரும்பக் கூட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். அந்த மணியும் போக இடமில்லாத இனமாற்றத்தின் சத்தம்தான்.

கையடக்கமான இயந்திரம் என்றால் குர்டா. வியன்னாக்காரர் குர்ட் ஹெர்ட்ஸ்டார்க் 1930-களின் கடைசியில் யோசித்தது. அவருடைய அப்பா யூதர், 1943-ல் நாஜிகள் பிடித்துப் புகன்வால்ட் வதைமுகாமில் போட்டார்கள். இந்த வடிவமைப்பு அவரிடம் இருப்பது தெரிந்து, வரைந்து கொடு, போரில் வென்றதும் ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுப்போம் என்றார்கள். அந்த வரைபடங்கள் அவர் உயிரோடு இருக்க ஒரு காரணமாயின. 1945 ஏப்ரலில் முகாம் விடுதலையானது, 1948-லிருந்து லீக்டன்ஸ்டைனில் உற்பத்தி, 1972 வரை சுமார் 1,40,000 குர்டாக்கள். உள்ளங்கையில் அடங்கும் மிளகு அரைக்கும் உருளை மாதிரி இருக்கும். அத்தனை சின்ன இடத்தில் முன்னும் பின்னும் மீதி கடத்தும் அமைப்பு வைக்க முடியாது. ஹெர்ட்ஸ்டார்க் என்ன செய்தார்? பின்னோக்கிச் செல்வதையே விட்டுவிட்டார். கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுற்றினால் நடு உருளை எண்ணின் நிரப்பியைக் கூட்டும். பாஸ்கலின் தந்திரம், 300 வருடம் கழித்து.

இங்கே மணிச்சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1946 நவம்பரில் டோக்கியோவில் ஜப்பானிய மணிச்சட்டமான சொரொபானுக்கும் அமெரிக்க ராணுவத்தின் மின் கணக்கு இயந்திரத்துக்கும் போட்டி வைத்தார்கள். மணிச்சட்டம் 4-1 என்று வென்றது, பெருக்கலில் மட்டும் தோற்றது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மணிச்சட்டத்தில் மீதி என்பது விரலின் ஒரு அசைவு. ஏழு போட இடமில்லையென்றால் மூன்றை எடுத்துவிட்டு அடுத்த கம்பியில் ஒன்றைப் போடு என்று கைக்குப் பழகிவிட்டால் அதை எந்தப் பல்சக்கரமும் முந்த முடியாது. இப்போது நம் ஊர்க் குழந்தைகள் அபாகஸ் வகுப்பில் கற்பதும் இதுவே.

சரி, மின்சாரம் வந்தபிறகு? சிக்கல் தீரவில்லை, வேகம் மட்டும் மாறியது. 1945-46-ல் வந்த எனியாக் என்ற மின்னணுக் கணினியில் எண்களைச் சேர்த்துவைக்கும் 10 இலக்கப் பதிவான்கள், ஒவ்வொரு இலக்கமும் பத்து நிலைகள் கொண்ட வால்வு (வெற்றிடக் குழாய்) வளையம், நொடிக்கு 5,000 கூட்டல். அதிலும் ஒரு வளையம் 9 தாண்டினால் உடனே கடத்தாமல் குறித்து வைத்துக்கொண்டு, எண்கள் எல்லாம் வந்து முடிந்தபின் மீதியைத் தனியாக அனுப்பினார்கள். பாபேஜின் நெம்புகோல் அப்படியே வால்வில். 1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடிய எட்சாக் கணினி வேறு வழி பிடித்தது: வலது ஓரத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒரு இலக்கம்தான் கூட்டும், நாம் பலகையில் போடுவது போல, மீதியை அடுத்த இலக்கம் வரும்வரை தாமதப்படுத்தினால் போதும். மலிவு, ஆனால் மெதுவு.

எல்லா இலக்கத்தையும் ஒரே நேரத்தில் கூட்டினால் மீதி எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்விக்குக் கணினி முன்னோடிகளான பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் 1946 அறிக்கையில் அழகான பதில் சொன்னார்கள். 40 இரும இலக்கங்களைக் (0, 1 மட்டும் கொண்டவை) கூட்டும்போது மிக நீளமான மீதித் தொடர் சராசரியாக 5 இடத்துக்கு மேல் போகாது. ஆனால் கணினியின் ஒவ்வொரு படிக்கும் நேரம் குறிக்கும் கடிகாரத்தைச் சராசரியை நம்பி வைக்க முடியாதே, மோசமான நிலைக்கும் காத்திருந்தாக வேண்டும். அதனால் 1950-களின் பின்பாதியில் மின்னணுக்காரர்கள் மீதியை முன்கூட்டியே கணிக்கும் சுற்றுகளை எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேள்வி: நீ மீதியை உண்டாக்குவாயா? வந்ததைக் கடத்துவாயா? பாபேஜின் 10-உம் 9-உம்தான். இரும எண்ணில் 1+1 என்றால் உண்டாக்கும், 1+0 என்றால் கடத்தும், 0+0 என்றால் நின்றுவிடும். இன்றைய செயலிகளின் கூட்டும் சுற்றும் இதே இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் லேபில் 7483 என்ற பழைய சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு இரும இலக்கங்களைக் கூட்டும், உள்ளே மீதியை முன்கூட்டிக் கணிக்கும் சுற்றோடு. இதைக் கழிக்க வைக்க மாணவர்கள் இரண்டாவது எண்ணின் 0-களை 1 ஆகவும் 1-களை 0 ஆகவும் புரட்டி உள்ளே அனுப்புவார்கள், பாஸ்கலின் நிரப்பிதான் அது. அப்புறம் 13-ஆம் பின்னுக்கு 1 கொடுக்கச் சொல்வேன். அந்தப் பின் ஒன்றாம் இடத்துக்குள் வரும் மீதி. அதற்கு வலப்பக்கம் எந்த இலக்கமும் இல்லை, எங்கிருந்து மீதி வருகிறது சார் என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். நிரப்பி 1 குறைவாக இருக்கிறது, அதை ஈடுகட்ட நாமே ஒரு மீதியைக் கொண்டுவந்து வைக்கிறோம் என்பேன். 7-லிருந்து 5 போக: 0111, அதோடு புரட்டிய 1010, அதோடு அந்த 1. வருவது 10010. இடது ஓரத்து 1 வெளியே தள்ளப்பட்டு 14-ஆம் பின்னில் வைத்த எல்இடி எரியும், மிஞ்சுவது 0010, அதாவது 2. அதே கம்பிகளில் 5-லிருந்து 7-ஐக் கழித்துப் பாருங்கள், எல்இடி எரியாது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று பொருள், ஃபேசிட்டில் மணி அடித்ததும் இதே இடத்தில்தான்.